மூளைக்குள் கம்பி வைக்கும் வைத்தியம்: நம்ம பிள்ளைக்குப் பொருந்துமா?

(பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

லீவு நாளில் வீட்டு வேலையையும் விறகு பொறுக்கிறதையும் விட்டுட்டு இத்தனை பேர் வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கொஞ்ச நாளாக நம் டிவிஷன்களில் ஒரு பேச்சு நடக்குது. மூளை வாதம் வந்த பிள்ளைக்கு மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சில் பெட்டரி வைத்து, கரண்ட் கொடுத்தால் பிள்ளை எழும்பி நடக்கும் என்று சொல்லுறாங்க. ஒரு தகப்பன் பத்திரிகைத் துண்டு ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஈ.பி.எஃப். காசை எடுக்கலாமா, சங்கிலியை அடகு வைக்கலாமா, இந்தியாவுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டார். இன்னொரு வீட்டில், டவுனில் இருந்து வந்த ஒரு ஆள், "பாஸ்போர்ட்டிலிருந்து எல்லாம் நாங்க பார்க்கிறோம், முதலில் முற்பணம் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வைத்தியம் பொய் இல்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் உரியதும் இல்லை. உரிய பிள்ளைக்கும் அது நோயைக் குறைக்குமே தவிர நோயை எடுத்துவிடாது. இந்த மூன்றையும் விளங்கிக்கொண்டால் காசை எங்கே செலவழிக்கலாம், எங்கே செலவழிக்கக் கூடாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூளை வாதம் ஒரே மாதிரி இல்லை

மூளை வாதத்தை டொக்டர்மார் செரிபிரல் பால்சி என்று சொல்லுவாங்க. உலகத்தில் 1000 பிள்ளைகள் பிறந்தால் ஏறக்குறைய 2 பேருக்கு இது வருகிறது. பணக்காரர் வீட்டிலும் வருகிறது, லயத்திலும் வருகிறது. வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளருகிற மூளையில் ஒரு பகுதி பழுதாகிறதுதான் காரணம். தாய் செய்த பாவம் இல்லை. கிரகணத்தில் வெளியே போனதும் இல்லை. இதைப் பாட்டிமார் தயவு செய்து மனசில் வைக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற தாய்க்கு இந்தப் பழியும் வேண்டாம்.

மூளையில் எந்த இடம் பழுதோ அதைப் பொறுத்து நோய் வேறுபடும். மூளை வாதம் வந்த 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு இறுக்கம்தான் பெரிசு. கால் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகும், குதிகால் நிலத்தில் படாது, கை முஷ்டியாக மடிந்திருக்கும். இதற்கு ஸ்பாஸ்டிக் என்று பெயர்.

இன்னொரு வகை குறைவு, 10 பேரில் ஒருவர் அளவுதான். இந்தப் பிள்ளைக்கு இறுக்கத்தைவிட முறுக்கம்தான் பெரிசு. கோப்பையை எடுக்கக் கையை நீட்டினால் கழுத்து ஒரு பக்கம் திரும்பும், வாய் கோணும், முதுகு வில்லாக வளையும், கால் உதைக்கும். சந்தோஷம் வந்தாலும் முறுக்கும், பயம் வந்தாலும் முறுக்கும். நன்றாகத் தூங்கினால் உடம்பு தளர்ந்துவிடும். தூக்கத்தில் பஞ்சு மாதிரி இருந்த பிள்ளை கண் விழித்ததும் முறுக்கத் தொடங்கும். இதை டிஸ்டோனியா என்கிறார்கள். கம்பி வைக்கும் வைத்தியம் இந்த முறுக்கத்துக்குத்தான். முதல் வகையான இறுக்கத்துக்கு அது மருந்து இல்லை.

சில பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்திருக்கும். எது கூட, எது குறைவு என்று நாங்களோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. பிள்ளைகளின் நரம்பு வைத்திய நிபுணர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முறுக்கம் உள்ள பிள்ளைக்கு வாயும் நாக்கும் சொல்படி கேட்காது, அதனால் பேச்சு வராது. ஆனால் அநேகம் பேருக்கு அறிவு நல்லாவே இருக்கும். நீங்கள் பேசுவது எல்லாம் அந்தப் பிள்ளைக்கு விளங்கும். "இது இருந்தும் என்ன" என்று பிள்ளை முன்னால் பேசாதீங்க.

கம்பியும் பெட்டரியும் என்ன செய்கிறது?

காலையில் பிரட்டுக்களத்தை நினைச்சுப் பாருங்க. யார் எந்த மலைக்கு, யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு என்று பேர் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். ஒருவரைப் போகச் சொல்கிற மாதிரியே மற்றவரை நில் என்றும் சொல்ல வேண்டும். நிறுத்த ஆள் இல்லாவிட்டால் எல்லோரும் எல்லா மலைக்கும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், ஒரு வேலையும் நடக்காது. மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், இந்த வேலையைச் செய்கிற சில முடிச்சுகள் இருக்கின்றன. கை மட்டும் போகட்டும், கழுத்தும் காலும் சும்மா இருக்கட்டும் என்று பார்த்துக்கொள்வது அவைதான். அவை பழுதானால் கோப்பைக்குக் கை போகும்போது உடம்பு முழுக்கக் கூடப் போகும்.

அந்த முடிச்சுகளில் ஒன்றுக்குக் குளோபஸ் பாலிடஸ் என்று பெயர். ஒபரேஷனில் தலை ஓட்டில் இரண்டு சின்னத் துளை போட்டு, மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய கம்பியை அந்த இடத்துக்கு இறக்குவார்கள். எம்.ஆர்.ஐ. படம் எடுத்து அளந்துதான் இறக்குவார்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினாலே பலன் குறையும். அங்கிருந்து வயர் தோலுக்கு அடியில் காதுக்குப் பின்னால், கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சிலோ வயிற்றிலோ தோலுக்கு அடியில் வைத்த பெட்டரியோடு சேரும். பெட்டரி ஒரு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் சின்னச் சின்னக் கரண்ட் துடிப்பை இரவு பகலாக அனுப்பும். அந்தத் துடிப்பு பிள்ளைக்குப் பலம் கொடுக்காது. தவறாகப் போகிற கட்டளையைக் கொஞ்சம் அமர்த்தும், அவ்வளவுதான்.

இந்த முறையை 1987இல் பிரான்ஸ் நாட்டில் கிரெனோபிள் நகரில் பெனாபித் என்ற டொக்டரும் அவருடைய கூட்டாளிகளும், கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்குத் தொடங்கினார்கள். பிறகு அதே நாட்டில் மொன்பெல்லியே நகரில் கூப் என்ற டொக்டர் 1996இல் தொடங்கி முறுக்கம் உள்ள பிள்ளைகளுக்குச் செய்தார். 2000ஆம் ஆண்டில் அவர்கள் 7 பேருடைய கணக்கை வெளியிட்டார்கள். அதில் 6 பேர் பிள்ளைகள். முறுக்கத்தின் அளவு நூற்றுக்கு 90 அளவில் குறைந்திருந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர் எழும்பினார் என்று பத்திரிகைகளில் வருவது அநேகமாக இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த 7 பேருக்கும் இருந்தது மூளை வாதம் இல்லை. அது பரம்பரையாக வருகிற ஒரு நோய். அதில் மூளையைப் படம் பிடித்தால் பழுது ஒன்றும் தெரியாது, வேலை மட்டும்தான் பிழையாக நடக்கும். மூளை வாதத்திலோ அந்த இடமே காயப்பட்டிருக்கிறது. பேர் கூப்பிடுகிறவர் குழம்பிப் போயிருந்தால் திருத்தலாம். பிரட்டுக்களமே இடிந்து கிடந்தால் எவ்வளவு திருத்த முடியும்?

மூளை வாதத்தில் கிடைத்த பலன்

2009இல் பிரான்ஸில் விதாய்யே என்ற டொக்டரின் குழு, மூளை வாதத்தால் முறுக்கம் வந்த 13 பெரியவர்களுக்கு இந்த ஒபரேஷன் செய்து ஒரு வருஷம் பார்த்தது. அறிவு நன்றாக உள்ளவர்களாக, மூளைப் படத்தில் காயம் குறைவாக உள்ளவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முறுக்கத்துக்கு மார்க் போட்டுப் பார்த்தால் சராசரியாக நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிலருக்கு நல்ல மாற்றம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிள்ளைகளிலும் பலன் இப்படித்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுகிறது.

நாலில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க. உடம்பு வலி குறைந்தது, அது பெரிய காரியம். லண்டன் எவலினா சிறுவர் வைத்தியசாலையில் டொக்டர் லின் என்பவரின் குழு, பெற்றோர் என்ன கேட்கிறார்கள் என்பதையே அளந்து பார்த்தது. மார்க்கில் பெரிசாகத் தெரியாவிட்டாலும், சட்டை போடுவது, நாற்காலியில் உட்கார வைப்பது, வலி குறைவது போன்ற காரியங்களில் குடும்பங்களுக்கு மாற்றம் தெரிந்தது. முறுக்கத்தோடு அதிக காலம் வாழ்ந்த பிள்ளைக்குப் பலன் குறைவு என்றும் அவர்கள் கண்டார்கள். அதனால் ஒபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம், ஆனால் நிபுணரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

ஆக, பிள்ளை எழும்பி ஓடும் என்று யாராவது உறுதி சொன்னால், அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்கள் காசு வேண்டும். இரண்டில் ஒன்று.

ஒபரேஷனோடு முடிவதில்லை

வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய பகுதி இதுதான்.

பெட்டரி வைத்த அடுத்த நாளே பலன் தெரியாது. கரண்டைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க மாதக் கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதற்கென்று படித்த டொக்டரும் கருவியும் உள்ள இடத்தில்தான் அதைச் செய்யலாம். நம் டிஸ்பென்சரியில் செய்ய முடியாது. வேறு நாட்டில் வைத்துவிட்டு வந்தால் ஒவ்வொரு தடவையும் யார் கொண்டு போவது?

சாதாரண பெட்டரி சில வருஷத்தில் தீரும். தீர்ந்தால் மறுபடி வெட்டி மாற்ற வேண்டும், மறுபடி லட்சக் கணக்கில் செலவு. சார்ஜ் பண்ணுகிற பெட்டரியும் இருக்கிறது, அது கூடக் காலம் வரும். ஆனால் தோலுக்கு மேலே கருவியை வைத்துத் தவறாமல் சார்ஜ் பண்ண வேண்டும். மழைக் காலத்தில் நம் லயங்களில் கரண்ட் நிற்கிறது உங்களுக்குத் தெரியும். பெட்டரி திடீரென்று நின்றால் முறுக்கம் முன்னைவிட மோசமாகத் திரும்பி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில பிள்ளைகளுக்குப் புண்ணில் கிருமி பிடித்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டி வருகிறது. பிள்ளை வளர வளர, முறுக்க முறுக்க, வயர் இழுபட்டு முறிவதும் உண்டு. மூளையில் இரத்தம் கசிவது அரிது, ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாது. கருவி உள்ள பிள்ளைக்குச் சூடு கொடுக்கிற டயதெர்மி மெஷின் பிடிக்கவே கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கருவி இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசு 2003இல் முறுக்க நோய்க்கு இந்தக் கருவியை அனுமதித்தபோது 7 வயதுக்கு மேல்தான் என்று வைத்தது. மற்ற மருந்துகள் பலிக்காத பிறகு யோசிக்கிற வைத்தியம் இது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கு

முதலில் நோய் இதுதானா என்று பார்க்க வேண்டும். மூளை வாதம் என்று சொல்லப்பட்ட சில பிள்ளைகளுக்கு உண்மையில் வேறு நோய் இருந்திருக்கிறது. ஜப்பானில் செகாவா என்ற டொக்டர் 1970களில் எழுதிய ஒரு நோய் உண்டு. பிள்ளை காலையில் நல்லா இருக்கும், பொழுது சாயச் சாயக் கால் முறுக்கி நடக்க முடியாமல் போகும். அதற்கு ஒபரேஷன் ஒன்றும் வேண்டாம், லெவோடோபா என்ற குளிசை கொஞ்சம் கொடுத்தாலே பிள்ளை நல்லா நடக்கும். இது அபூர்வமான நோய்தான். ஆனாலும் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரிந்தால், பிறந்தபோது ஒரு கஷ்டமும் இல்லாமல் பிறகு முறுக்கம் வந்திருந்தால், அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க. சங்கிலியை அடகு வைக்கும் முன்னால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது மருந்து. முறுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் பெக்லோபென், ஆர்டேன் போன்ற குளிசைகள் உண்டு. இறுகின தசைக்குப் போடுகிற ஊசியும் உண்டு. டொக்டர் சொல்கிற அளவில் தவறாமல் கொடுக்க வேண்டும். பெக்லோபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கிளினிக்குப் போகாததால் குளிசை முடிந்து நின்றுபோச்சு என்று யாரும் சொல்லக் கூடாது. மலை வேலையால் போக முடியவில்லை என்றால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லுங்க, ஏற்பாடு செய்கிறோம்.

மூன்றாவது உடற்பயிற்சி. மடங்கினபடியே கிடந்த மூட்டு நிரந்தரமாக மடங்கிவிடும், இடுப்பு எலும்பு விலகிவிடும். அப்படி இறுகிப்போன மூட்டை எந்தக் கம்பியும் கரண்டும் நிமிர்த்தாது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மிஸ் காட்டிக் கொடுத்ததை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். அம்மா மலைக்குப் போனால் பாட்டி செய்யலாம், அண்ணன் அக்காமார் செய்யலாம். அப்பாமாரும் செய்யலாம், அது ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை.

நாலாவது சாப்பாடு. மல்லாக்கப் படுக்க வைத்துச் சோறு ஊட்டாதீங்க. உணவு நெஞ்சுக்குள் போய் சளிக்காய்ச்சல் வரும், உயிருக்கு ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, குழைத்து, சின்னக் கரண்டியால் மெதுவாகக் கொடுங்க. முதுகுக்கும் தலைக்கும் பிடிப்பு வைத்த மர நாற்காலி ஒன்று இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும். அளவைப் பிசியோதெரபி மிஸ்ஸிடம் கேட்டு வந்தால் தோட்டத்துத் தச்சரே செய்து தருவார்.

ஐந்தாவது பேச்சு. பேச முடியாத பிள்ளைக்குப் படம் காட்டிப் பழக்கலாம். தண்ணி, சோறு, வலி, வெளியே போகணும் என்று நாலு படம் ஒரு அட்டையில் ஒட்டுங்க. கையால் காட்ட முடியாவிட்டால் கண்ணால் காட்டும். அதைப் பார்த்த பிறகுதான் பல தாய்மாருக்கு, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதே தெரிய வருகிறது.

வராமல் தடுக்கவும் வழி உண்டு

இங்கே வயிற்றுப் பிள்ளைத்தாய்மாரும் இருக்கீங்க, உங்களுக்கு ஒரு வார்த்தை. கம்பி வைக்கிற அதே குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்தைத்தான், பிறந்த பிள்ளைக்கு வருகிற கடுமையான மஞ்சள் காமாலை தாக்குகிறது. காமாலையைக் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் கருகி முறுக்கம் வரும், காதும் கேட்காமல் போகலாம். நேரத்துக்குக் கொண்டு போனால் நீல வெளிச்சத்தின் கீழ் வைத்துக் குணமாக்கி விடுவார்கள்.

பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, முதுகை வளைத்துக் கீச்சுக் குரலில் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வாசலில் வெயிலில் பிடித்தால் போகும் என்று காத்திருக்க வேண்டாம். தாயின் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதற்கான ஊசியைப் பற்றி மருத்துவிச்சி மிஸ்ஸிடம் கேளுங்க. வலி வந்தால் லொறி வரும்வரை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே அறிவியுங்க. மூச்சுத் திணறிப் பிறப்பதும் இந்த நோய்க்கு ஒரு காரணம்.

இனி என்ன செய்வது?

முதல் வேலை, யாருக்கும் முற்பணம் கொடுக்காதீங்க, கடனும் வாங்காதீங்க. இரண்டாவது, பிள்ளையின் கிளினிக் கார்டையும் பிறந்தபோது கொடுத்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் ஒபீசுக்கு வாங்க. டிஸ்பென்சரி ஐயாவிடம் கடிதம் வாங்கி, மாவட்ட ஆஸ்பத்திரிப் பிள்ளை டொக்டரிடமும், அங்கிருந்து தேவைப்பட்டால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ அனுப்ப ஏற்பாடு செய்வோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத் திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு எழுதவும் நாங்கள் உதவுவோம்.

டொக்டரிடம் போனால் வெட்கப்படாமல் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்க. என் பிள்ளைக்கு இருப்பது இறுக்கமா, முறுக்கமா? மூளைப் படத்தில் என்ன தெரிகிறது? இன்னும் கொடுத்துப் பார்க்காத குளிசை ஏதும் உண்டா? இடுப்பும் மூட்டும் எப்படி இருக்கு? கம்பி வைக்கும் வைத்தியம் என் பிள்ளைக்குப் பொருந்துமா, பொருந்தினால் எதில் மாற்றத்தை எதிர்பார்க்கலாம்? எழுதத் தெரியாதவங்களுக்கு நாங்களே ஒரு துண்டில் எழுதித் தருவோம்.

பொருந்தும் என்று நிபுணர் சொன்னால், அந்தக் குடும்பத்தைத் தனியே விடமாட்டோம். உதவி எங்கே கேட்கலாம் என்று டிரஸ்டோடும் தோட்ட நிர்வாகத்தோடும் சேர்ந்து பார்ப்போம். பொருந்தாது என்று சொன்னால், அது கைவிட்ட பேச்சு இல்லை. வலி இல்லாமல் உட்காருவதும், மூச்சு முட்டாமல் சாப்பிடுவதும், தண்ணி வேணும் என்று கண்ணால் கேட்பதும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பெரிய காரியங்கள். அவை நம் கையில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. இந்தப் பிள்ளைகளைக் காம்பராவுக்குள் ஒளித்து வைக்காதீங்க. நாளையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டு வாங்க. மற்றப் பிள்ளைங்க பாட்டுப் பாடும்போது இவங்களும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு மேசைக்கு வாங்க.